பதினெட்டாவதாகப் படித்த பெயர்

அன்புள்ள நடராசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் வரவில்லையே என்று பாலக்காட்டில் ஹாஸ்டல் வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து நின்றிருப்பாய். கோபமும் இல்லை, மறதியும் இல்லை. உனக்கு எழுதுவதற்கு முன்னால் உன் அண்ணனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சக்குபள்ளம் ஏலத்தோட்டம் வரை போய்விட்டு முந்தாநாள்தான் திரும்பினேன். இங்கே எருத்தேன்பதியில் தை முடிவதற்குள்ளேயே கிணறு அடிக்கு இறங்கிவிட்டது. கடலையில் பாதி பொக்காகப் போயிற்று. உன் அப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன். பாலவாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். நடுவில் ஏதாவது ஒரு குழந்தை எழுந்து அழுதால் நிறுத்திவிட்டுத்தான் தொடர வேண்டியிருக்கும். கோவையில்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்.

சென்னைக் கம்பெனி ஒன்று தன் ஹாக்கி அணிக்கு ஆள் எடுத்ததாகவும், மைதானம் நிறைய வந்திருந்த பையன்களில் பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்ததாகவும், பதினெட்டாவதாக உன் பெயரைப் படித்ததாகவும் எழுதியிருக்கிறாய். கடைசியாக இருந்தால் என்ன அம்மா, பெயர் வந்துவிட்டதே என்றும் எழுதியிருக்கிறாய். பி.காம். படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டுப் பங்குனியில் போய்ச் சேர வேண்டும், எங்கள் சம்மதம் வேண்டும் என்கிறாய். அதை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு, "நீயே எழுதீரு. நான் எழுதுனா வேண்டாம்ங்கற ஒரு வார்த்தைதான் வரும்" என்றார். அப்புறம் கயிற்றை அப்படியே போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனவர் இருட்டின பிறகுதான் வந்தார். அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். உன் அண்ணன் கேட்டுக்கொண்டதால் மீதியை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். இப்போது நீயே அந்த வரிசையில் போய் நிற்கிறாய், இனி மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை.

உனக்கு ஹாக்கி உன் அண்ணன் வேலுவிடமிருந்து வந்தது. அவனுக்கு அது பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடமிருந்து வந்தது. தெற்கேயிருந்து வந்த அந்த மனிதர், கடலை பிடுங்கின காட்டில் பையன்களை விட்டுக் கல் பொறுக்கச் சொல்லி மைதானம் ஆக்கினார். மட்டை வாங்க வழியில்லாதவர்கள் அடி வளைந்த பனைமட்டையைச் சீவிக்கொண்டு வருவார்கள். உன் அண்ணன் அந்தப் பனைமட்டையால் பந்தைக் காலோடு ஒட்டினாற்போல் வரப்பு வரைக்கும் கொண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். எருத்தேன்பதியில் அவனைவிட நன்றாக ஆடியவன் இல்லை. சித்தூர்த் தாலுகாவிலேயே இல்லை என்று மாஸ்டர் சொன்னார். நாங்கள் அதை நம்பினோம், அது உண்மையும்தான். ஆனால் ஒவ்வொரு தாலுகாவிலும் அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதும், அவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒரே மைதானத்துக்கு வந்து நிற்பார்கள் என்பதும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவன் பள்ளி முடித்த வருஷம் கோயமுத்தூரில் ஒரு மில் அணிக்கு ஆள் எடுத்தார்கள். உன் அப்பாவும் கூடப் போனார். சாயங்காலம் மைதானத்தின் நடுவில் நின்று ஒருவர் பெயர்களைப் படித்தாராம். முதல் பதினோரு பெயர் முடிந்ததும் உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். இன்னும் ஏழு பெயர் பாக்கியிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்தான் நிறுத்தியிருக்கிறார். அந்த ஏழில் ஆறாவது உன் அண்ணன். ஏழாவது அந்தோணி என்று ஒரு பையன். மூணாறு பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன், கால்பந்தில் கோல் காத்துக்கொண்டிருந்துவிட்டு ஹாக்கிக்கு வந்தவன். அவனுக்கு ஹாக்கி அரைகுறையாகத்தான் தெரியும், இரண்டாவது கோல்கீப்பர் ஒருவன் வேண்டுமே என்று எடுத்தார்கள் என்று வேலுவே சொல்லிச் சிரித்திருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா பெயர் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியாது. பாயசம் வைத்தேன். நீ இரண்டு டம்ளர் குடித்தாய்.

டீமில் எடுத்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருக்கும் சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினெட்டுப் பேரும் ஒரே டீம் இல்லை, கண்ணு. அதை நான் கண்ணால் பார்த்தேன். அவன் சேர்ந்த முதல் வருஷம், ஆடி நோம்பிக்கு வரவில்லையே என்று பலகாரம் எடுத்துக்கொண்டு சொல்லாமல் கோயமுத்தூர் போனேன். மில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து ஆபீஸில் விசாரித்தேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பையன், அவனும் ஆட்டக்காரன்தான், என்னைப் பின்பக்கம் போகச் சொன்னான். கேட்டுக்கு வெளியே காத்திருந்தபோது உன் அண்ணன் வந்தான். புருவத்தில், காதுமடலில், மூக்குமுடியில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. ஒரு கணம் யாரோ கிழவர் என்று நினைத்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?" என்றான்.

"என்ன சாமி இது கோலம்? ஆபீஸ் வேலைன்னுதான நெனச்சோம்?"

"ஆபீஸெல்லாம் மொதப் பதினோரு பேருக்குங்கம்மா. டைம் ஆபீஸ், ஸ்டோர், கேன்டீனு. எங்கள மாதிரி ரிசர்வுக்கெல்லாம் கார்டிங். வெளையாட்டுல மேல போனா வேலையிலயும் மேல போயிருவனுங்க."

"எப்பப் போவ?"

"யாராச்சு ஒருத்தனுக்கு முட்டி போயிருச்சுன்னாப் போதுங்க. இல்லாட்டி எவனாச்சு பேங்க் டீமுக்குப் போவோணும். எடம் காலியாயிரும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். மழை வந்தால் விதைத்துவிடலாம் என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. இன்னொரு தாய் பெற்ற பிள்ளையின் முட்டி எப்போது ஒடியும் என்று என் பிள்ளை காத்திருக்கிறான் என்பது எனக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அவன் கெட்டவன் இல்லை. நம் வீட்டு மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையன். அந்த ரிசர்வ் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு வேறு விதமாக நினைக்க வழியில்லை.

கார்டிங் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. பஞ்சைச் சீவுகிற மிஷின் அது. உள்ளே முள் பதித்த உருளைகள் சுழன்றுகொண்டே இருக்கும். விடியற்காலையில் ரிசர்வ் பையன்கள் ஏழு பேரும் மைதானத்துக்குப் போய், முதல் பதினோரு பேருக்கு எதிராக நின்று ஆட வேண்டும். அவர்கள் எதிரே நிற்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் இவர்கள் என்று வேலு பிற்பாடு சொன்னான். பயிற்சி முடிந்ததும் அவர்களுக்குப் பாலும் முட்டையும், பிறகு ஆபீஸ் நாற்காலி. இவர்களுக்கும் பால் உண்டு, முட்டை மிஞ்சினால் உண்டு. அப்புறம் மற்றத் தொழிலாளிகளைப் போலவே ஷிப்ட். இரண்டாவது வருஷ முடிவில் ஊருக்கு வந்தவன் எழுந்திருக்காமல் இரண்டு நாள் தூங்கினான். "போதும் சாமி, வந்துரு. இங்க காடு கெடக்குது, உங்கப்பனுக்குக் கூடமாட ஆச்சு" என்று நான் சொன்னேன். உன் அப்பாவும் சொன்னார். "இந்த சீசன் மட்டும் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்றான். அந்த வருஷம் முடிந்ததும் மறுபடி அதையே சொன்னான். யாரும் அவனை அங்கே பிடித்து வைக்கவில்லை, நடராசா. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மில்காரர்கள் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

அவர்களுடைய கோச் நல்ல மனிதர். அதுவும் ஒரு கெடுதல் என்று இப்போது நினைக்கிறேன். திட்டுகிற ஆளாக இருந்திருந்தால் பாதிப் பேர் வெறுத்துப்போய் ஊருக்கு வந்து பிழைத்திருப்பார்கள். அவர் தோளில் கை போட்டு, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, உன் நேரம் வரும்" என்பார். ஏழு பேரிடமும் சொல்வார், பொய்யாகச் சொல்லமாட்டார், அந்தந்த நேரத்தில் நம்பித்தான் சொல்வார். ஆனால் ஏழு பேருக்கும் நேரம் வருவதற்கு அங்கே இடம் ஏது?

அப்புறம் உலகக் கோப்பையை நம் நாடு ஜெயித்த வருஷம் வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி நீயும் உன் கூட்டாளிகளும் குதித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லா மில்லும் ஹாக்கிக்கு இன்னும் ஆள் எடுக்க ஆரம்பித்தது. புதிதாக வந்த பையன்கள் உன் அண்ணனைவிட வயதில் சிறியவர்கள், ஓட்டம் அதிகம். அதே வருஷம் அவர்களுடைய முதல் கோல்கீப்பர் ஒரு நாள் காலையில் சொல்லிக்கொள்ளாமல் பெர்ஷியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மறுநாள் போட்டி. வேறு ஆள் இல்லாமல் அந்தோணியை நிறுத்தினார்கள். அன்று அவன் மேல் பட்ட பந்தெல்லாம் திரும்பிப் போயிற்று என்று வேலு சொல்வான். அதற்கப்புறம் அவனை அந்த இடத்திலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை. மாநில அணிக்கு ஆடினான். கேன்டீன் சுவரில் அவன் படத்தை மாட்டினார்கள். இன்று சென்னையில் பெரிய வேலையில் இருக்கிறான். ரிசர்வ் பையன் யாராவது பெட்டியைக் கட்டினால் கோச் அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவாராம்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தபோது பாலக்காட்டில் ஒரு போட்டி நடந்ததே, அது உனக்கு நினைவில்லாமல் போகாது. நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். நாம் மூன்று பேரும் போய் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் முடிய இன்னும் சிறிது நேரம்தான் இருக்கும்போது ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உன் அண்ணன் உள்ளே போனான். இடது ஓரத்தில் ஒரு பந்தை வாங்கி, எதிரே வந்தவனை ஏமாற்றி, நடுவுக்குத் தள்ளினான். அதை இன்னொருவன் கோலாக்கினான். நீ கத்திய கத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் நீ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். உனக்குள் இது அன்றுதான் புகுந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அன்று சந்தோஷம்தான். என் பிள்ளை ஆடினான், நான் பார்த்தேன். அது பொய்யாகிவிடாது.

அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் நடந்ததைத்தான் உனக்குச் சொல்லவில்லை. அடுத்த சீசனில் வேலுவை முதல் பதினோரு பேருக்குள் எடுக்கலாம் என்று கோச் அன்று அவனிடமே சொல்லியிருக்கிறார். அதுவரை அவன் கோச் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு சொல்லாததையும் செய்ய ஆரம்பித்தான். காலைப் பயிற்சி முடிந்து மற்ற ரிசர்வ் பையன்கள் படுக்கப் போனதும் இவன் மட்டும் வெயிலில் தனியாகப் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவான். வியர்வை காய்வதற்குள் மத்தியான ஷிப்டுக்கு ஓடுவான். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மிஷினில் சிக்கிய பஞ்சை எடுக்கும்போது கண் செருகியிருக்கிறது. அவ்வளவுதான். இத்தனை வருஷம் தூர நின்றபோது அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிட்டே வந்துவிட்டோம் என்று நினைத்தபோதுதான் ஆயிற்று.

நம் வீட்டுக்கு வந்து சொன்னது அந்தோணிதான். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். பேப்பரில் படம் வந்த பையன், நம் மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "யம்மா, பதறாதீக. உசுருக்கு ஒண்ணுமில்ல. வேலுவுக்குக் கையில அடி" என்றான். "எந்தக் கை?" என்று உன் அப்பா கேட்டார். "இடது கை" என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சோறு தின்கிற கை தப்பித்ததே என்று நினைத்தேன். அந்தோணி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எதற்கு இவன் இப்படி அழுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் நல்ல எண்ணத்தில் அதையேதான் சொன்னார். "இடது கைதானே, மூணு விரல்தானே போயிருக்கு. வலது கை முழுசா இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். அவர் நகர்ந்ததும் உன் அண்ணன் என்னைப் பார்த்து, "மட்டையத் திருப்பறது எடது கைங்கம்மா. சோத்துக்கை சும்மா தாங்கிப் புடிக்கறதுக்குத்தான்" என்றான். அதை அவன் அழாமல் சொன்னான். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் இருந்த கை, கட்டோடு, போர்வைக்கு மேலே கிடந்தது. நாங்கள் மில் ஹாஸ்டல் அறைக்கு அவன் பெட்டியை எடுக்கப் போனபோது அவன் கட்டிலில் புதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவனும் நம் மாதிரி ஏதோ ஒரு கிராமத்துப் பையன்தான்.

மில்லில் கூட்டிப் பெருக்குகிற வேலை தருகிறோம் என்றார்கள். தினமும் காலையில் மைதானத்தைத் தாண்டித்தான் அந்த வேலைக்குப் போக வேண்டும். மாட்டேன் என்று வந்துவிட்டான். ஊரில் கொஞ்ச காலம் இருந்தான், அது நீ அறிந்ததுதான். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள். டிரில் மாஸ்டர் ஒரு நாள் வந்து, டம்ளரையே பார்த்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார். உன் ஆட்டத்தை அவன் ஒரு தடவையும் பார்க்க வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருந்தது. நீ பந்தை அடிக்கிற சத்தம் கேட்டால் அவன் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய்விடுவான். அப்புறம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற ஒருவரோடு சக்குபள்ளம் போனான். தம்பியிடம் மிஷினில் அடிபட்டது என்று மட்டும் சொல்லுங்கள், மற்றது வேண்டாம் என்று போகும்போது சொன்னான். ஏன் என்று கேட்டேன். அவன் நன்றாக ஆடுகிறான் என்றான்.

இப்போது நான் போனபோது ஏலக்காய்க் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்கிறார்கள். அதற்கு அடியில் ராவும் பகலும் விறகு எரிய வேண்டும், அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்வது உன் அண்ணன் வேலை. விறகை முழங்கையால் அணைத்து எடுத்து உள்ளே தள்ளுகிறான். இருபத்தாறு வயதுக்குள்ளேயே முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். என்னை ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்துக் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தான். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தனாவது பேருங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"கடைசி" என்றேன்.

ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினான். பிறகு தன்னோடு ரிசர்வில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒருவன் முதல் மாதமே ஓடிப்போய்ச் சூலூரில் சைக்கிள் கடை வைத்தான், அவன்தான் எங்களில் கெட்டிக்காரன், அன்று அவனைப் பார்த்துச் சிரித்தோம் என்றான். ஒருவன் ஒரு சீசன் உள்ளே போய் ஆடி, முட்டி போய், திரும்பப் பெஞ்சுக்கு வந்து, நொண்டிக்கொண்டே கார்டிங் பார்த்தான். இன்னொருவன் இன்றும் அதே மிஷினில் இருக்கிறான், லீவு முடிந்து மறுபடி பஞ்சுத்தூசிக்குள் போகிற திங்கட்கிழமை என்றால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிடுவானாம். பம்பாய்க்கு ரயில் ஏறியவனைப் பற்றி அவன் வீட்டுக்கே தகவல் இல்லை. உடுமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், டீமிலிருந்து கழித்துவிட்ட பிறகு, ஊருக்குப் போன வாரமே கிணற்றில் விழுந்துவிட்டான். தவறி விழுந்தான் என்று வீட்டில் சொல்கிறார்களாம். "மொதப் பதினோரு பேருல முக்காவாசிப் பேரு பேங்குலயோ ரயில்லயோ உக்காந்துட்டாங்க. எங்கள்ல அந்தோணி ஒருத்தன்தானுங்க" என்றான். சாயா டம்ளரை வாங்கிக்கொண்டே, "அம்மா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கறனுங்க. கடைசியாப் படிச்ச பேரு அந்தோணி பேருன்னு அவங்கிட்டச் சொல்லீராதீங்க. அதப் புடிச்சுக்குவான். நாங்க எல்லாரும் அதத்தான் புடிச்சுட்டுக் கெடந்தோம்" என்றான்.

சொல்லமாட்டேன் என்று அவனிடம் தலையாட்டினேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். நீ என்றாவது வேறு யாரிடமாவது கேட்டறிந்தால், அம்மா எனக்குச் சாதகமாக இருந்ததை மறைத்துவிட்டாள் என்று நினைப்பாய், அப்புறம் நான் சொன்ன மற்றது எதையும் நம்பமாட்டாய். ஆமாம், பதினெட்டாவது பெயர்தான் மேலே வந்தது. அவன் கெட்டிக்காரன், நல்லவன். ஆனால் அதற்கு ஒருவன் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது, மறுநாளே போட்டி இருக்க வேண்டியிருந்தது, அந்த இடத்துக்கு அவனைத் தவிர இன்னொருவன் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. இதில் எதையும் அவன் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. உன் அண்ணன் அவனைவிட அதிகம் உழைத்தான். அந்த அதிகம்தான் அவன் கையைக் கொண்டுபோயிற்று.

"அப்ப அவனுக்கு நான் என்ன எழுதட்டும்?" என்று வேலுவைக் கேட்டேன்.

"என்னயக் கேக்காதீங்கம்மா. போவாதன்னு சொன்னா அண்ணனுக்குப் பொறாமைம்பான். போன்னு சொல்லி அவனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நீங்க என்ற மூஞ்சியில முழிப்பீங்களா?"

அப்புறம் அவனாகவே சொன்னான். போவதானால், என்ன வேலையில் போடுவீர்கள் என்று சேருவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளட்டும். மிஷின் வேலை என்றால் அந்த நிமிஷமே திரும்பட்டும். படிப்பைத் தபாலிலாவது முடிக்கட்டும். எதுவரைக்கும் இருப்பது என்பதை ரயில் ஏறுவதற்கு முன்னால் முடிவு செய்துகொண்டு போகட்டும், அங்கே போன பிறகு அந்த முடிவை எடுக்க வராது. வீட்டுக்குக் கடிதம் போட்டால் நல்லதை மட்டும் எழுதாமல் இருக்கட்டும். இவ்வளவும் அவன் சொன்னது. நான் என் பங்குக்குச் சேர்க்க ஒன்றுமில்லை.

கிளம்புகிற நேரத்தில் நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். குமுளிக்குப் போகிற ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "சாமி, உன்ற கை மறுக்கா முழுசா வந்து, மறுக்கா அதே மாதிரி கடைசியில உன்ற பேரப் படிச்சாங்கன்னா?" என்றேன். யோசிப்பான் என்று நினைத்தேன்.

"போவனுங்கம்மா" என்றான்.

அவ்வளவு சீக்கிரம் சொன்னான். அவன் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஜீப்பில் ஏறிவிட்டேன். கம்பம், வத்தலக்குண்டு, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்த வழியெல்லாம் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. எல்லாம் போன பிறகும் அவனுக்குள் அது அப்படியே இருக்கிறது. உனக்கு இன்னும் ஒன்றுமே போகவில்லை. உன்னை நான் எந்த வார்த்தையால் நிறுத்துவேன்?

ஆனாலும் கேட்டாய், சொல்ல வேண்டியது என் வேலை. போகாதே, நடராசா. எனக்குச் சம்மதம் இல்லை. உன் அப்பாவுக்கும் இல்லை. முதல் பெயராக இருந்திருந்தாலும் யோசித்திருப்பேன், பதினெட்டாவது பெயருக்கு என் பிள்ளையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. நீ திறமையில்லாதவன் என்று சொல்லவில்லை. உன் அண்ணனை விடவும் நன்றாக ஆடுகிறாய் என்று உன் காலேஜ் மாஸ்டர் சொன்னதை நானும் நம்புகிறேன். திறமை இருந்துதான் அந்த ஏழு பேரும் அங்கே போனார்கள்.

இதுவரைக்கும் எழுதியதை, பாலவாடிப் பக்கம் வந்த உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "போயிருவான்" என்றார். எனக்கும் தெரியும். போவது என்று நீ முடிவு செய்துவிட்டால், பாலக்காட்டிலிருந்து நேரே ரயில் ஏறிவிடாதே. இரண்டு நாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போ. வீட்டில் யாரும் உன்னைத் திட்டமாட்டோம், தடுக்கவும் மாட்டோம். உன் அப்பா உன்னோடு சென்னை வரை வருவதாகச் சொல்கிறார், அவர்கள் கொடுக்கிற வேலை என்ன என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாராம். அவரை வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

குழந்தைகள் எழுந்துவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

உன் அம்மா